சபதமும் விரதமும்



காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டை, பட்டு நெசவையே வாழ்வாகக் கொண்ட குடும்பங்கள் பல நிறைந்த ஊர். அவ்வூர்த் தறிகளை எண்ணுந்தோறும், 2008-ஆம் ஆண்டு வெளிவந்த ‘காஞ்சிவரம்’ என்னும் திரைப்படம் உடன் நினைவுக்கு வருகிறது. பிரியதர்சன் இயக்கி, பிரகாஷ்ராஜ் நடித்த அப்படம் தேசிய விருது பெற்றது. அறவுரையில் திரைப்படத்துக்கு என்ன வேலை என்று சிலர் வினவலாம். காதற்கதையாகத் தொடங்கித் துறவில் முடியும் சீவகசிந்தாமணியை நமக்கு அளித்தவர் திருத்தக்கதேவர் அல்லரோ? கதை வழியே அறம் உரைப்பது நம் மரபே.

படத்தின் நாயகன் வேங்கடம் ஓர் ஏழை நெசவாளி. நாள்தோறும் பட்டு நெய்தும், தன் மனைவிக்கு ஒரு பட்டுப்புடவை வாங்க இயலாதவன். தன் மகளைப் பட்டு உடுத்தியே மணமுடித்து அனுப்புவேன் என்று ஊரார் முன் சபதம் செய்கிறான். அதனை நிறைவேற்ற, முதலாளியின் பட்டிழைகளை வாயில் ஒளித்துக் கடத்திவந்து இரவில் மறைவாக நெய்கிறான். கூலி உயர்வுக்காகத் தானே தலைமை தாங்கிய வேலைநிறுத்தத்தையும், இழை கிடைக்காமற் போகுமே என்று முடித்து வைக்கிறான். களவு வெளிப்பட்டுச் சிறை செல்கிறான். விபத்தில் முடங்கிய மகளைக் காப்பார் இன்றி, தானே நஞ்சூட்டுகிறான். நெய்து முடியாத அப்பட்டு, அவள் உடலை மூடவும் போதவில்லை.

இக்கதையை நம் அணுவிரதங்களோடு வைத்துப் பாருங்கள். முதலில் சரிந்தது பொருள் வரைதல் என்னும் ஐந்தாம் விரதம். அதன்பின் பொய் வந்தது, களவு வந்தது, இறுதியில் கொலையும் வந்தது. பொருளைவிடப் பொருளின்மேல் கொள்ளும் மயக்கமே பற்று என்று தத்துவார்த்த சூத்திரம் வரையறுப்பதன் உண்மை இங்கே விளங்குகிறது. ஒன்றுமே இல்லாத ஏழையும் பற்றினால் கட்டுண்ணக் கூடும். சபதம் ஆசைக்கு வேர் ஊன்றுகிறது. விரதம் ஆசைக்கு எல்லை வகுக்கிறது.

எனினும் அவனைக் கள்வன் என்று மட்டும் ஒதுக்குவது அநேகாந்த நெறி ஆகாது. ஒரு நோக்கில் அவன் குற்றவாளி. ஒரு நோக்கில் அன்புடைய தந்தை. மற்றொரு நோக்கில், உழைப்புக்கு உரிய கூலி பெறாதவன். மூன்றும் உண்மையே.

இனி நம் இல்லங்களுக்கு வருவோம். நம் வீட்டு முகூர்த்தப் புடவையும் ஒரு சபதமாகிவிடவில்லையா? கடன் பட்டேனும் உறவினர் வியக்க வாங்க வேண்டும் என்பது மானம் என்னும் கஷாயமன்றி வேறென்ன? அதனினும் பெரிய வினா ஒன்று உண்டு. கூட்டினுள் இருக்கும் புழுவை வெப்பத்தில் கொன்றே பட்டிழை எடுக்கப்படுகிறது. திருமணத்துக்கென அடைக்கப்பட்ட விலங்குகளின் அலறல் கேட்டு மணத்தையே துறந்தவர் நேமிநாதர். அவர் வரலாறு திருப்பருத்திக்குன்றம் ஆலய விதானத்தில் ஓவியமாக உள்ளது. அதன்கீழ் நின்று வணங்கும் நாம் உடுத்தியிருப்பது என்ன?

“பட்டை விட்டால் நெசவாளர் பிழைப்பு என்னாகும்?” என்பீர்கள். நியாயமான கேள்வி. கைத்தறிப் பருத்தியும் தறியில்தான் பிறக்கிறது. அதற்கு உரிய விலை தந்து வாங்கினால் நெய்தவன் உலையும் கொதிக்கும். அந்துப்பூச்சி வெளியேறிய கூட்டிலிருந்து இழை நூற்கும் அகிம்சைப் பட்டினைக் குசும ராஜையா உருவாக்கியுள்ளார். முற்றும் விட இயலாதோர் அவ்வழியையேனும் நாடலாம்.

அடுத்த திருமணத்துக்குக் கடைக்குப் புறப்படுமுன், குடும்பத்தார் அனைவரும் கூடி அமருங்கள். இவ்வளவே செலவு, இவ்வளவே புடவை என்று அளவு வரைந்து கொள்ளுங்கள். பருத்தியைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கும் திருப்பருத்திக்குன்றத்து அருகன் திருமுன் அதனை விரதமாக ஏற்றுக் கொள்ளுங்கள். மணமகளுக்கு அதனினும் சிறந்த சீர் இல்லை.

அறம் வளர்க!