தராசு யார் கையில்?

மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறையும்போது பெண்ணுடலில் எலும்பு தேய்கிறது. இதய நோய்க்கான வாய்ப்பும் ஏறுகிறது. இரண்டுக்கும் வயதுதான் காரணம் என்று ஒதுக்கிவிட முடியாது. எலும்பும் ரத்தக் குழாயும் தொடர்புடையவை: ஆஸ்டியோபுரோட்டெஜெரின் என்ற புரதம் இல்லாமல் பிறக்கச் செய்த எலிகளுக்கு எலும்பு மெலிந்தது; அதே எலிகளின் பெருந்தமனியில் சுண்ணாம்பு படிந்தது. இப்படிப் பின்னிக் கிடக்கும் உடலில், ஒன்றைக் காக்கும் மருந்து இன்னொன்றைக் கெடுத்தால் எதைக் காப்பது? மருத்துவக் கேள்வியாகத் தோன்றும் இது, அடிப்படையில் அறக்கேள்வி என்பதே என் வாதம்.

அமெரிக்காவின் ‘விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ ஆய்வைப் பார்ப்போம். 50 முதல் 79 வயது வரையிலான 16,608 பெண்களில் ஒரு பாதியினருக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை, மறுபாதியினருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. தீமை மிகுந்ததால் 2002 ஜூலையில் இந்த ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது. 10,000 பெண்களுக்கு ஆண்டொன்றில் இடுப்பெலும்பு முறிவு 5 குறைந்தது; இதய நோய் 7, பக்கவாதம் 8, மார்பகப் புற்றுநோய் 8 கூடின. நன்மை தீமைகளை ஒருசேரப் பார்க்க ஆய்வாளர்கள் ஒரு பொதுக் குறியீட்டையும் வகுத்திருந்தார்கள். அதில் மாரடைப்பும் ஒன்று, இடுப்பு முறிவும் ஒன்று, மரணமும் ஒன்று. எண்ணிக்கையைத் தந்தது ஆய்வு; எல்லாவற்றுக்கும் ஒரே எடை என்று வைத்தது மனிதரின் தீர்மானம். இடுப்பு முறிந்து படுத்த படுக்கையாகக் கிடப்பதை மாரடைப்பைவிடக் கொடியதாகக் கருதும் பெண்ணைத் தவறு என்று சொல்ல எந்தப் பரிசோதனையாலும் முடியாது.

‘படித்த மருத்துவர் இருக்க, நோயாளி எப்படித் தீர்மானிப்பார்?’ என்று கேட்கலாம். ஒரு கேடு வர எவ்வளவு வாய்ப்பு என்பது மருத்துவருக்குத் தெரியும். வந்தால் தன் வாழ்வில் அது என்ன செய்யும் என்பது அந்தப் பெண்ணுக்குத்தான் தெரியும். தவிர, மேற்சொன்ன ஆய்வின் முடிவையே ‘இதய நோய் 29 சதவீதம் கூடுகிறது’ என்றால் நெஞ்சு பதறும். ‘ஆண்டுக்கு 10,000 பேரில் 7 பேர் கூடுதல்’ என்றால் அடங்கும். ஆகவே சொல்லும் முறையிலேயே அறப்பொறுப்பு தொடங்கிவிடுகிறது. இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது: ‘யாருக்கும் பாரமில்லாமல் போய்ச் சேர்ந்தால் போதும்’ என்று ஒரு பெண் சொல்லும்போது, அது அவர் விருப்பமா, குடும்பம் பழக்கிய அடக்கமா? பல வீடுகளில் அடக்கம்தான். ஆனால் அதற்காக முடிவை வேறொருவர் எடுத்துக்கொண்டால், அந்த அடக்கத்துக்கு இன்னும் ஒரு பூட்டுதான் கூடும். உண்மையைக் காட்டி, யோசிக்க அவகாசம் தருவதே மாற்று.

ரோமோசோசுமாப் என்ற எலும்பு மருந்துக்கு 2019இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்தபோது, மாரடைப்பு, பக்கவாதம் பற்றிய கடும் எச்சரிக்கையும் சேர்த்தது. கடந்த ஓராண்டுக்குள் அவை வந்தவர்களுக்கு இம்மருந்தைத் தொடங்கக் கூடாது. இதய ஆபத்துக் காரணிகள் உள்ள மற்றவர்களுக்கு நன்மை தீமையைச் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும். ஆக, கட்டுப்பாட்டு அமைப்பே தராசை முழுவதுமாகத் தன் கையில் வைத்துக்கொள்ளவில்லை. புகையிலையை விடுவதும் நடைப்பயிற்சியும் எலும்பு, இதயம் இரண்டுக்கும் நல்லவை என்பதால், அங்கே இந்தச் சிக்கலே இல்லை. மருந்து என்று வரும்போது மட்டும் கேட்டுத்தான் ஆகவேண்டும். எலும்பு அடர்த்தி அறிக்கையில் டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே (அதாவது எலும்புப்புரை) என்றிருந்தால், இதயத்தின் நிலையை அறிய ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்த்துவிடுங்கள். மருந்துச் சீட்டை வாங்கும் முன், இதனால் எத்தனை பேருக்கு நன்மை, எத்தனை பேருக்குக் கேடு என்று மருத்துவரிடம் எண்ணிக்கையாகவே கேளுங்கள்.