மாலை கழற்றின மறுநாள்



மாலை போடுற சாமிகள் எல்லாருக்கும் ஒரு கேள்வி. 48 நாள் ஒரு சொட்டு கூட தொடாம விரதம் இருந்தவர், மாலை கழற்றின அன்னைக்கு சாயங்காலமே டாஸ்மாக் வாசல்ல நிக்கிறாரே, ஏன்? "பக்தி பத்தல"ன்னு சுலபமா சொல்லிடுறாங்க. எனக்கு அது சரின்னு படல. பக்தி இல்லாதவர் 48 நாள் விடியற்காலையில பச்சைத் தண்ணியில குளிப்பாரா?

எங்க சாஃப்ட்வேர் வேலையில, ஒரே பிழை ஒவ்வொரு வருஷமும் ஒரே நாள்ல வந்தா, அந்த நாள்ல எது மாறுதுன்னுதான் முதல்ல பாப்போம். அப்படிப் பாருங்க. மாலை போட்டிருக்கும்போது அவருக்கு ஒரு குருசாமி இருக்கார். கூட மாலை போட்ட பத்து பேர் இருக்காங்க. சாயங்காலம் போய் உக்கார ஒரு பஜனை இருக்கு. நேத்து வரைக்கும் "டேய்"னு கூப்பிட்டவன் கூட "சாமி"ங்கிறான். மாலையைக் கழற்றினதும் இது அத்தனையும் ஒரே நாள்ல போயிடுது. முருகன் எங்கேயும் போகல, கூட்டம்தான் கலைஞ்சு போச்சு.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இது இன்னும் கஷ்டம். சொந்த ஊரை விட்டு வந்து ஒரே ரூம்ல ஆறு பேர். கம்பெனி பஸ் இறக்கி விட்டதும் "எங்கடா போற"ன்னு கேக்க மாமா, சித்தப்பா யாரும் கிடையாது. பக்கத்து ரூம் அண்ணன் ஒருத்தர், கான்ட்ராக்ட்ல லைன் வேலை பாக்குறவர், மூணு வருஷமா மாலை போடுறார். மூணு வருஷமும் இதே கதைதான். போன பங்குனியில வல்லக்கோட்டைக்குப் போயிருந்தோம். ஏழடி உயரத்துல நிக்கிற முருகனை அண்ணாந்து பாத்துக்கிட்டே, "தம்பி, மாலை இல்லாத நாளுக்கு ஏதாவது வழி இருக்கா? உன் போன்ல தேடிப் பாரேன்"ன்னார்.

அப்படித் தேடினப்போதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமா ஏ.ஏ., பத்தி ஒழுங்கா படிச்சேன். அது ஆரம்பிச்சது அமெரிக்காவுல ஆக்ரன்ங்கிற ஊர்ல. நம்ம ஒரகடத்துல அப்போலோ டயர் ஆலை இருக்குல்ல, ஆக்ரன் அந்த மாதிரி டயர் கம்பெனிகளாலயே வளர்ந்த ஊர். 1935 மே மாசம், பில்ங்கிறவர் தொழில் விஷயமா அங்கே வர்றார். வந்த காரியம் தோத்துப் போச்சு. குடியை விட்டு சில மாசம்தான் ஆகுது. தெரியாத ஊர், ஹோட்டல்ல பக்கத்துலயே பார். அவர் அந்தப் பக்கம் போகாம போனை எடுத்து, தன்னை மாதிரியே குடியில மாட்டின இன்னொருத்தர் இந்த ஊர்ல கிடைப்பாரான்னு தேடுறார். கிடைச்சவர் டாக்டர் பாப். அந்த டாக்டர் கடைசியா குடிச்ச ஜூன் 10-ஐத்தான் ஏ.ஏ. பிறந்த நாளா வெச்சிருக்காங்க. இந்தியாவுக்கு 1957-லயே வந்துடுச்சு.

உபதேசம் பண்ண ஆள் தேடல பாருங்க, தன்னை மாதிரி விழுந்தவரைத் தேடினார். எனக்கு அருணகிரிநாதர் ஞாபகம்தான் வந்துச்சு. திருவண்ணாமலை கோபுரத்துல இருந்து விழுந்தவரை முருகன் தாங்கினது ஒரு நொடி. ஆனா அதோட விட்டுடல, பாடச் சொன்னார். அதுக்கப்புறம் வாழ்நாள் முழுக்க தலம் தலமா நடந்து பாடினார். நாம கோபுரக் கதையை மட்டும் ஷேர் பண்றோம், அந்த நடையை யாரும் ஸ்டேட்டஸ்ல வைக்கிறதில்ல.

ஏ.ஏ. கூட்டத்துக்கு கட்டணம் கிடையாது. முழுப் பேர் கேக்க மாட்டாங்க. குடியை நிறுத்தணும்ங்கிற ஆசை ஒண்ணு போதும். இன்னைக்கு ஒரு நாள் மட்டும் தொடாம இருப்போம்னு பேசிக்கிறாங்க. "அது சர்ச் கூட்டமாமே"ன்னு சிலர் தயங்குறாங்க. கூட்டம் சர்ச் ஹால்ல நடக்கலாம், பள்ளிக்கூடத்துல நடக்கலாம், ஆனா அது எந்த மதத்தோடயும் சேர்ந்ததில்ல. அவங்கவங்க உணர்ந்த கடவுள்னுதான் சொல்றாங்க. நமக்கு வேலவன் இருக்கான், அப்புறம் என்ன தயக்கம்?

குருசாமிமார்கள் இதை மட்டும் கவனிங்க. தினமும் அதிகமா குடிக்கிறவர் திடீர்னு நிறுத்தினா கை நடுங்கும், வியர்க்கும். சிலருக்கு முதல் ரெண்டு மூணு நாள்ல வலிப்பு வரும், இல்லாத உருவமெல்லாம் தெரியும், உயிருக்கே ஆபத்தாகலாம். அது சாமி வந்தது இல்ல, திருநீறு மட்டும் பூசி உக்கார வெக்காதீங்க, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. மாலை போடுறதுக்கு முன்னாடியே டாக்டரைப் பாக்க வெச்சா இன்னும் நல்லது. சென்னை இந்திரா நகர்ல டி.டி.கே. மருத்துவமனை இதுக்குன்னே இருக்கு. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல ஆரம்பிச்சது. 1992-ல பத்மஸ்ரீ வாங்கினவங்க.

கூட்டம் தேட: ஏ.ஏ. இந்திய இணையதளத்துல சென்னை எண்ணை எடுத்து, தமிழ்லயே பேசுங்க. ஸ்ரீபெரும்புதூர், காஞ்சிபுரம், பூந்தமல்லி, தாம்பரம்னு நாலு ஊரையும் சொல்லி, எந்தக் கிழமை, எத்தனை மணின்னு கேளுங்க. நேரம் மாறும், அதனால போற அன்னைக்கும் ஒரு தடவை கேட்டுக்கோங்க. நைட் ஷிப்ட்டா இருந்தா ஆன்லைன் கூட்டம் இருக்கான்னு விசாரிங்க. மத்திய அரசோட இலவச உதவி எண் 14446. வீட்டுல இருக்கிற அம்மா, அண்ணிக்கு அல்-அனான்னு தனிக் கூட்டம் உண்டு.

அண்ணனுக்காக போன் பண்ணப்போ எடுத்தவர் என்கிட்ட ரெண்டு நிமிஷம்தான் பேசினார். "போனை அவர்கிட்ட குடு தம்பி"ன்னார். அண்ணன் மொட்டை மாடிக்குப் போய் முக்கால் மணி நேரம் பேசிட்டு வந்தார். இப்போ ஷிப்ட் பாத்து வாரம் ஒரு கூட்டம் போறார். குடிக்கணும்னு தோணினா அந்த மனுஷனுக்கு போன் போடுறார். வர்ற தைக்கும் மாலை உண்டு. கழற்றுற அன்னைக்கு சாயங்காலம் எங்கே கூட்டம்னு இப்பவே கேட்டு வெச்சிருக்கார்.

வேலும் மயிலும் துணை.