127 பல் கியர்

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஷிஃப்ட் மாறும் நேரத்துக்குக் கம்பெனி பஸ்கள் வரிசைகட்டும் ஒரகடத்தில் கார், லாரி, மோட்டார் சைக்கிள் எல்லாமே மில்லிமீட்டர் கணக்கில்தான் உருவாகின்றன. இங்கே வேலைக்கு வரும் டர்னர் பிள்ளைகள் ஐ.டி.ஐ.யில் ஒரு கணக்கைப் போட்டுப் பழகியிருப்பார்கள்: வெட்டும் கருவியை நகர்த்தும் லீட் ஸ்க்ரூ அங்குலக் கணக்கில் உள்ள லேத்தில் மில்லிமீட்டர் மரை வெட்ட எந்தெந்த கியரை மாட்டுவது?

லீட் ஸ்க்ரூவில் அங்குலத்துக்கு 4 மரை, வெட்ட வேண்டியது 1.5 மி.மீ. பிட்ச் என்றால், ஓட்டும் கியருக்கும் ஓடும் கியருக்கும் விகிதம் 30/127. பிட்ச் 2 என்றால் 40/127. 3 என்றால் 60/127. மேலே உள்ள எண் மாறிக்கொண்டே இருக்கும், கீழே இருக்கும் 127 மட்டும் அசையாது. அங்குலம் என்பது 25.4 மி.மீ., அதாவது 127/5. அந்த 127 ஒரு பகா எண். அதைவிடக் குறைந்த பல் கொண்ட கியர்களை எத்தனை அடுக்கினாலும் அவற்றின் பெருக்கலில் 127 தலைகாட்டாது. எந்த எண்ணையும் பகா எண்களாகப் பிரிக்க ஒரே ஒரு வழிதான் உண்டு என்பதால், எந்தக் கைத்திறனும் இங்கே செல்லாது. 127 பல் கியர் கையில் இருக்க வேண்டும்; இல்லையேல் தோராயம்தான். 127, 100 பல் கியர் ஜோடிக்குப் பதில் 80, 63 பல் ஜோடியை வைத்து ஓட்டுபவர்கள் உண்டு. 100 மி.மீ. நீளத்தில் சுமார் 12.5 மைக்ரான் பிசகும். சின்ன போல்ட்டுக்கு அது பொருட்டல்ல, நீளமான ஸ்க்ரூவுக்கு ஆகாது. சி.என்.சி. இயந்திரத்தில் இந்த கியர் மாட்டும் வேலையே இல்லை. ஆனாலும் இந்தக் கணக்கைப் பாடத்திலிருந்து எடுத்துவிடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். பகா எண் என்றால் என்ன என்பதைக் கைக்குத் தெரியும்படி சொல்லித்தரும் கணக்கு வேறொன்றை நான் அறியேன்.

சரி, அந்த 127 பல்லை எப்படி வெட்டுவது? வட்டத்தைச் சம பாகங்களாகப் பிரித்துத் தரும் டிவைடிங் ஹெட்டில் கிராங்கை 40 சுற்று சுற்றினால் வேலைத்துண்டு ஒரு சுற்று சுற்றும். ஆக ஒரு பல்லுக்கு 40/127 சுற்று தேவை. கிராங்கை அளந்து நிறுத்த உதவும் வழக்கமான துளைத் தட்டுகளில் 127 துளை வட்டம் கிடையாது. அதனால் 120 பல் வெட்டுவதாகவே வைத்துக்கொண்டு தொடங்குகிறார்கள். 40/120 என்பது மூன்றில் ஒரு சுற்று. 18 துளை வட்டத்தில் 6 துளை. பிறகு ஸ்பிண்டிலில் 56 பல், தட்டுப் பக்கம் 24 பல் என்று கியர் மாட்டிவிட்டால், கிராங்க் முன்னே போகும்போதே தட்டு மெல்லப் பின்னே நகரும். பல்லுக்கு 7/381 சுற்று பின்வாங்கும். 1/3-இல் 7/381 போனால் மீதி 40/127, இம்மியும் பிசகாமல். பெருக்கலுக்கு எட்டாத எண் கழித்தலுக்கு வசப்படுகிறது.

கைகொடுத்த 120 சாதாரண எண் இல்லை. அதற்கு 16 வகுத்திகள். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை வகுத்திகள் கிடையாது. இப்படிப்பட்ட எண்களைப் பற்றித்தான் ராமானுஜன் 1915-இல் தம் பெரிய கட்டுரையை வெளியிட்டார். 4, 36 இரண்டையும் தவிர, அத்தகைய எண் எதிலும் மிகப் பெரிய பகாக் காரணி ஒரே ஒரு முறைதான் வரும் என்று அதில் காட்டினார். 120-ஐப் பிரித்துப் பாருங்கள்: மூன்று 2, ஒரு 3, ஒரே ஒரு 5.

எண்களில் பெரும்பாலானவை எந்தப் பக்கம், சின்னச் சின்னக் காரணிகளாக உடையும் 120 பக்கமா, உடையாத 127 பக்கமா? 2025-ஐப் பிரித்தால் 3-உம் 5-உம்தான் திரும்பத் திரும்ப வரும். மிகப் பெரியது 5. அடுத்த எண் 2026 என்பது 2 × 1013; அங்கே மிகப் பெரியது 1013. இந்த ஏற்ற இறக்கத்துக்குள் ஓர் ஒழுங்கு இருப்பதை 1930-இல் கார்ல் டிக்மன் கண்டார். அவருடைய கணக்குப்படி, பெரிய எண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 69-க்கு மிகப் பெரிய பகாக் காரணி அந்த எண்ணின் வர்க்கமூலத்தையே தாண்டிவிடும். நூறு இலக்க எண் என்றால், சராசரியாக 62 இலக்கம் அந்த ஒற்றைக் காரணிக்கே போய்விடுகிறது. ஆக 127 பக்கம்தான் கூட்டம் அதிகம்.

இதை இன்னும் ஆழமாகத் தோண்டியவர் நம்மூர் மாணவர் ஒருவர். சென்னை விவேகானந்தா கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த கிருஷ்ணசாமி அல்லாடி, ஓர் எண்ணின் பகாக் காரணிகளையெல்லாம் கூட்டினால் என்ன வரும் என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். அவரைச் சந்திப்பதற்காகவே பால் எர்டோஷ் 1975 தொடக்கத்தில் கல்கத்தாவிலிருந்து ஆஸ்திரேலியா போகும் வழியை மாற்றிக்கொண்டு சென்னை வந்தார். உலகமே தேடிய கணித மேதை ஒரு கல்லூரி மாணவரைத் தேடி வந்ததை நினைக்க இன்றும் நெஞ்சு நிறைகிறது. இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1977-இல் வெளிவந்தது. 1 முதல் ஒரு பெரிய எண் வரை எல்லா எண்களின் எல்லாப் பகாக் காரணிகளையும் கூட்டுங்கள். பிறகு ஒவ்வோர் எண்ணிலும் மிகப் பெரிய காரணியை மட்டும் எடுத்துக் கூட்டுங்கள். எல்லை பெரிதாகப் பெரிதாக, இரண்டு தொகைகளின் விகிதம் 1-ஐ நெருங்கும் என்று நிறுவினார்கள். மற்றக் காரணிகள் எத்தனை சேர்ந்தாலும் அந்தத் தொகையை அசைக்க முடிவதில்லை. அந்த மிகப் பெரிய காரணியை ஒவ்வோர் எண்ணிலிருந்தும் எடுத்துவிட்டால்? மிச்சத்தின் கூட்டலில் இரண்டாவது பெரிய காரணி அதே இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதையும் எடுத்தால், மூன்றாவது.