காற்றுக்கு வலிக்கும், கத்திக்கு வலிக்காது

வயிறு வலிக்கிறது என்று வீட்டில் யாராவது சொன்னால் பெருங்குடலை யாரும் நினைப்பதில்லை. வாயு என்போம், சூடு என்போம், ராத்திரி தின்ற பரோட்டா என்போம். அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஓமமும் பெருங்காயமும் வெளியே வரும். பெரும்பாலான நாட்களில் அதுவே போதும். வாயு பிரிந்ததும் வலி போய்விடும். கை வைத்தியத்தின்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் வலி போனால் நோயும் போயிற்று, வலியே இல்லையென்றால் நோயே இல்லை என்று நம்பிப் பழகிவிட்டோமே, அதுதான் உறுத்துகிறது. காலில் முள் குத்தினால் இந்தக் கணக்கு சரி. குடலுக்குச் சரிப்படாது.

ஒருமுறை, பெருங்குடலைக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபி செய்துகொண்டேன். முந்தின நாள் குடலைக் கழுவுவதற்காக லிட்டர் கணக்கில் உப்புக் கரிக்கும் மருந்துத் தண்ணீர் குடித்த கதையை விட்டுவிடுகிறேன், குடித்தவர்களுக்குத் தெரியும். லேசான மயக்கத்துக்குத்தான் ஊசி போட்டிருந்தார்கள். பக்கத்துத் திரையில் என் குடல் ஈரமான இளஞ்சிவப்பில் வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தது. சுருங்கிக் கிடந்ததை விரிக்க டாக்டர் காற்றைச் செலுத்தினார். அடிவயிறு முறுக்கிப் பிழிந்தது. கட்டில் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் ஓரிடத்தில் பயறளவு சதைமுளை ஒன்று தெரிந்தது. "பாலிப். எடுத்துடலாம்" என்றார். கருவியின் நுனியிலிருந்து மெல்லிய கம்பிச் சுருக்கு ஒன்று நீண்டு, முளையின் கழுத்தில் விழுந்து, இறுகி, அறுத்தது. ஒரு துளி ரத்தம் கசிந்தது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. திரையைப் பார்க்காமல் இருந்திருந்தால் அறுத்தார்கள் என்பதையே நம்பியிருக்க மாட்டேன்.

குடலின் நரம்பு அமைப்பு அப்படி. விரிந்தால் வலிக்கும், இறுகிப் பிடித்தால், ரத்த ஓட்டம் குறைந்தால், அழற்சி கண்டால் வலிக்கும். உள்தோலை வெட்டினால் உறைக்காது. இடம் சொல்லவும் அதற்குத் தெரியாது. பெருங்குடலின் நீளம் ஏறக்குறைய 1.5 மீட்டர். வலது அடிவயிற்றில் தொடங்கி மேலேறி, கல்லீரலுக்குக் கீழே திரும்பி, குறுக்கே போய், இடப்பக்கமாக இறங்குகிறது. இதில் எங்கே கோளாறு என்றாலும் வயிற்றில் பொத்தாம்பொதுவாகத்தான் வலிக்கும். பெருங்குடலின் தொடக்கத்தில் தொங்கும் குடல்வாலில் அழற்சி வந்தாலும், வலி முதலில் தொப்புளைச் சுற்றித்தான் தெரிகிறது. அழற்சி வயிற்றின் உள்சவ்வைத் தொட்ட பிறகே வலது அடிவயிற்றில் வந்து நிலைகொள்கிறது. அதற்கு முந்தைய சில மணி நேரத்தில் "மலச்சிக்கல்தான், விளக்கெண்ணெய் குடி" என்று யாராவது பேதிக்குக் கொடுத்தால், அழற்சி கண்ட குடல்வால் வெடித்துவிடும் அபாயம் உண்டு.

ஆகவே பாடாய்ப் படுத்தும் வலி பல சமயம் ஆபத்தில்லாததாக இருக்கிறது. ஐ.பி.எஸ். என்று டாக்டர்கள் சொல்லும் குடல் எரிச்சல் நோயில், மற்றவருக்கு வெறும் உப்புசமாகத் தெரியும் அளவு வாயுவே இவருக்கு வலியாகிறது. நரம்புகள் அவ்வளவு கூர்மை. கற்பனையல்ல, நிஜமான வலி. ஆனால் குடலை அது அரிப்பதில்லை. மலம் கழித்ததும் பெரும்பாலும் தணியும், தூக்கத்திலிருந்து எழுப்புவது அரிது.

பெருங்குடல் புற்றோ ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. பாலிப் புற்றாக மாறப் பொதுவாகச் சுமார் 10 ஆண்டுகள் ஆகும். அத்தனை காலமும் குடல் வாயைத் திறக்காது. வலப்பக்கத்தில் குடல் அகலம், மலமும் இளகியிருக்கும், அதனால் கட்டி வளர்ந்தாலும் சீக்கிரம் அடைப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசிய, மனிதருக்குப் படியேறினால் மூச்சு வாங்கும். ரத்தசோகை என்று இரும்பு மாத்திரை கொடுப்பார்கள். மாதவிடாய் இல்லாத ஓர் ஆணுக்கு ரத்தம் எங்கே போயிற்று என்று கேட்க வேண்டாமா? வயதானால்தான் வரும் என்றும் இருந்துவிட முடியாது. 'பிளாக் பாந்தர்' நடிகர் சாட்விக் போஸ்மன் 2020-இல் இந்தப் புற்றால் இறந்தபோது வயது 43. அடுத்த ஆண்டு, அமெரிக்காவில் பெருங்குடல் புற்றுக்கான பரிசோதனையைத் தொடங்கும் வயதை 50-இலிருந்து 45-ஆகக் குறைத்தார்கள்.

நம் ஊரில் பரிசோதனைக்கும் முன்னால் ஒரு தடை இருக்கிறது: வெட்கம். உறவுக்காரப் பெரியவர் ஒருவரை டாக்டரிடம் கூட்டிப்போயிருந்தோம். "மோஷன் எப்படிங்கய்யா போகுது?" என்று டாக்டர் கேட்டார். பெரியவர் என்னைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். "அதெல்லாம் நல்லாத்தான் போகுது சார். வயிறுதான் லேசா வலிக்குது." டாக்டர் எங்களை வெளியே இருக்கச் சொன்னார். கதவைச் சாத்திய பிறகுதான், பொங்கலுக்கு முன்பிருந்தே ரத்தம் போவது வெளியே வந்தது. மூலம் என்று தானாக முடிவுகட்டி, மருந்துக்கடையில் களிம்பு வாங்கித் தடவிக்கொண்டிருந்திருக்கிறார். கடைசியில் மூலமேதான். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் விரல் விட்டுச் சோதித்துப் பார்த்த டாக்டர்தானே! வலியைச் சபையில் சொல்லலாம், மலத்தைச் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம்.

எவ்வளவு வலிக்கிறது என்பதைவிட என்ன மாறியிருக்கிறது என்று பார்ப்பதே உதவும். பல வருஷமாகக் காலையில் ஒருமுறை போய்வந்தவர் மூன்று வாரமாக மூன்று நான்கு முறை ஓடுகிறார், அல்லது போன பிறகும் போகாதது போலவே இருக்கிறது, அல்லது காரணமில்லாமல் வேட்டி தளர்கிறது என்றால், வலி இல்லாவிட்டாலும் டாக்டரைப் பார்க்க வேண்டும். மலத்தில் ரத்தம், தூக்கத்தைக் கலைக்கும் வலி ஆகியவற்றுக்கும் அப்படியே. சாயங்காலக் காய்ச்சலோடு எடை குறைந்தால் நம் நாட்டில் குடல் காசநோயையும் நினைக்க வேண்டியிருக்கிறது. அப்பா அம்மாவுக்கோ கூடப் பிறந்தவருக்கோ இந்தப் புற்று வந்திருந்தால் 45 வரை காத்திருக்கவே கூடாது. வயிறு உப்பி, வாந்தி எடுத்து, மலமும் வாயுவும் பிரியாமல் நின்றுவிட்டால், அல்லது வயிறு பலகைபோல் விறைத்தால், ஓமத் தண்ணீரும் வேண்டாம், விடியட்டும் என்ற பேச்சும் வேண்டாம். ஆட்டோவோ 108-ஓ, உடனே கிளம்ப வேண்டும்.

மலம் நிறம் மாறியிருக்கிறது என்றால், டாக்டர் பீட்ரூட் சாப்பிட்டீர்களா என்றுகூடக் கேட்பார். பீட்ரூட் மலத்தைச் சிவப்பாக்கும், இரும்பு மாத்திரை கறுப்பாக்கும். பீட்ரூட்டை இரண்டு மூன்று நாள் நிறுத்தினால் நிறம் மாறிவிடும். மாறவில்லையென்றால் அது பீட்ரூட் இல்லை.