அடிபட்டவரின் அறம்

1924 ஜூன் 26 இரவு திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் திருடர்கள் புகுந்து ரமணரின் காலில் அடித்தார்கள். திருப்பித் தாக்கத் துடித்த சீடரை அவர் தடுத்துவிட்டார். அவர்கள் தர்மம் அவர்களுக்கு, பொறுத்துக்கொள்வது சாதுக்களின் தர்மம் என்றார். பல் நாக்கைக் கடித்தால் பல்லை உடைப்போமா என்று கேட்டார். இதே முடிவுக்கு வந்த இன்னொருவர் உண்டு. கி.மு. 399இல் ஏதென்சுச் சிறையில் சாவுக்குக் காத்திருந்த சாக்ரடீஸ், தீங்குக்குத் தீங்கு செய்யலாகாது என்று நண்பர் கிரிட்டோவிடம் வாதிட்டதாக பிளேட்டோ எழுதுகிறார். வந்த வழி வேறுதான். அநீதி அதைச் செய்பவனின் ஆன்மாவையே கெடுக்கும் என்பது சாக்ரடீஸின் கணக்கு. அடித்தவனும் அடிபட்டவனும் வேறல்லர் என்பது ரமணரின் பார்வை. இத்தனை தொலைவிலிருந்து கிளம்பி இருவரும் ஒரே முடிவுக்கு வந்ததுதான் அந்த முடிவுக்கு வலு சேர்க்கிறது.

இது கோழைக்கு வசதியான அறம் அல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் சாக்ரடீஸ் போர்க்களம் கண்டவர். ஏதென்சை ஆண்ட முப்பது கொடுங்கோலர்களின் ஆட்சி, லியோன் என்பவரைக் கொல்வதற்காகப் பிடித்துவரச் சொன்னபோது, உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தும் மறுத்து வீட்டுக்குப் போனவர். பழிவாங்க மறுத்தவர் பணியவும் மறுத்தார். தென்னாப்பிரிக்காவில் காந்தி 1908இல் சாக்ரடீஸின் நீதிமன்ற வாதத்தைக் குஜராத்தியில் சுருக்கி வெளியிட்டது இந்தத் துணிவுக்காகத்தான். அந்தச் சிறுநூலை 1910இல் பம்பாய் அரசு தடை செய்தது. கோழைகளை வளர்க்கும் நூலாக அதை ஆட்சியாளர்கள் எண்ணவில்லை.