மரத்தின் மேல் பழி இல்லை

வாடகை கொடுப்பது காசைக் கரியாக்குவது, வீடு வாங்கினால் அது சேமிப்பு. நியூ ஜெர்சியில் நம்மவர்கள் கூடும் விருந்துகளில் பேச்சு எங்கே தொடங்கினாலும் இந்த முடிவில் வந்து நிற்கும். வட்டி விகிதம், பள்ளிக்கூடத்தின் தரம், பக்கத்துத் தெரு வீடு போன விலை எல்லாம் அதில் அடிபடும். கூரையைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை.

நாங்கள் இருப்பது 1970களில் கட்டிய மர வீடு. கூரை மாற்றிய அன்று காலையிலேயே ரூஃபர்கள் ஏறி, பல் வைத்த தட்டை மண்வாரிகளால் பழைய ஷிங்கிள்களை நெம்பி எடுக்கத் தொடங்கினார்கள். ஷிங்கிள் என்பது கண்ணாடியிழை விரிப்பில் தார் ஏற்றி, மேலே கல்துகள் ஒட்டியது. அந்தத் தார் கச்சா எண்ணெயின் அடிமண்டி. இருபது, முப்பது வருஷ வெயிலிலும் பனியிலும் துகள் உதிர்ந்துவிடும், பிறகு மொத்தத்தையும் உரித்து எறிய வேண்டியதுதான். புகைபோக்கியை ஒட்டி ஓரிடத்தில் அடிப்பலகை கறுத்திருந்தது. மேஸ்திரி ஸ்க்ரூடிரைவரால் குத்திக் காட்டினார். கம்பி கைப்பிடி வரை இறங்கியது. எங்கள் தலைக்கு மேல் எத்தனை மழைக்காலமாக அது ஊறிக்கொண்டிருந்ததோ! மாலைக்குள் வாசலில் நிறுத்தியிருந்த பெரிய இரும்புத் தொட்டி விளிம்பு வரை நிரம்பிவிட்டது. அமெரிக்காவில் வருஷத்துக்குச் சுமார் 1.1 கோடி டன் ஷிங்கிள் இப்படிக் கழிவாகிறது. பெரும்பகுதி மண்ணுக்குள்தான் போகிறது.

அன்றிரவு வீட்டுக் கணக்கை முழுசாகப் போட்டுப் பார்த்தேன். 4 லட்சம் டாலர் கடன், ஆறரை சதவீத வட்டி, 30 வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத் தவணை சுமார் 2,528 டாலர். முதல் மாதத் தவணையில் 2,167 டாலர் வட்டிக்கே போய்விடும், அசலில் கழிவது 361தான். கடைசித் தவணை கட்டி முடிக்கும்போது வட்டி மட்டும் 5 லட்சத்து 10 ஆயிரத்தைத் தாண்டியிருக்கும். சொத்து வரி தனி. நாட்டிலேயே அதிக சொத்து வரி எங்கள் மாநிலத்தில்தான், வருஷச் சராசரியே 9,000 டாலருக்கு மேல். இந்த வரி கடன் தீர்ந்தாலும் தீராது. இதற்கு மேல் காப்பீடு. பிறகு வெந்நீர் பாய்லர், ஹீட்டர், ஏசி, ஜன்னல், கரையான் மருந்து என்று ஒவ்வொன்றும் தன் முறை வந்ததும் கை நீட்டும்.

அமெரிக்க வருமான வரிச் சட்டம் வாடகைக்கு விட்ட வீட்டுக்கு 27.5 வருஷத் தேய்மானம் கணக்கிட அனுமதிக்கிறது. நிலத்துக்குத் தேய்மானமே கிடையாது. அதாவது நாம் 30 வருஷம் கடன் கட்டும் கட்டடம், அதை வாடகைக்கு விட்டால், வரிக் கணக்கில் அதற்கு முன்பே தேய்ந்து முடிந்திருக்கும். விலை ஏறுவது பெரும்பாலும் அடியில் இருக்கும் மண்ணுக்கு, அந்த மண் எந்த ஊரில் இருக்கிறது என்பதற்கு. யேல் பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர் ராபர்ட் ஷில்லர் 1890 முதலான வீட்டு விலைகளைத் தொகுத்திருக்கிறார். விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தால் அடுத்த நூறு வருஷத்தில் பெரிய ஏற்றம் இல்லை. வீட்டைச் சேமிப்பு என்பவர்கள் இதையும் சொல்ல வேண்டும்.

இவ்வளவு செலவுக்கும் காரணம் மரம் என்றுதான் நம் ஊரில் நினைக்கிறார்கள். அம்மா முதல் தடவை வந்தபோது சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "என்னடி இது, அட்டையா?" என்றார். அம்மா தட்டியது ஜிப்சம் பலகை. அதற்குப் பின்னால் பதினாறு அங்குலத்துக்கு ஒன்றாக மரச்சட்டங்கள் நிற்கின்றன. 1830களில் சிகாகோவில் வேரூன்றிய முறை இது. உத்தரங்களை இழைத்துப் பொருத்தும் தச்சர்கள் கிடைக்காத இடத்தில், ஆலையில் அறுத்த மெல்லிய சட்டமும் ஆணியும் சுத்தியலுமே வீடு கட்டப் போதும் என்றாயிற்று.

சுற்றுச்சூழல் கணக்கில் இந்த மரத்தின் மேல் பழி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி கரிமம், காற்றிலிருந்து மரம் எடுத்துக்கொண்டது. வீடு நிற்கும் வரை அது சுவருக்குள் இருக்கும். காட்டை ஒழுங்காகப் பராமரித்தால் வெட்டிய இடத்தில் மறுபடி வளரும். உலகக் கரிம உமிழ்வில் சிமெண்டின் பங்கோ சுமார் 8 சதவீதம். நம் ஊர்க் கான்கிரீட் வீட்டின் பக்கத்தில் வைத்தால் மரம் நல்லபிள்ளைதான்.

கேடு வீட்டின் அளவிலும் தூரத்திலும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1947இல், லாங் ஐலண்டில் வில்லியம் லெவிட் கட்டத் தொடங்கிய லெவிட்டவுனின் முதல் வீடுகள் 750 சதுர அடி. போரிலிருந்து திரும்பியவர்கள் அதற்குள் பிள்ளை குட்டிகளோடு வாழ்ந்தார்கள். (வெள்ளையர் அல்லாதார் குடியிருக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுத்த வீடுகள் அவை. இன்று இப்படிப்பட்ட புறநகர்களில் குடியிருக்கும் நாம் அதை மறக்கக் கூடாது.) 1973இல் புது வீடுகளின் இடைநிலை அளவு 1,500 சதுர அடியைத் தாண்டியது, 2015 வாக்கில் 2,400ஐயும் தாண்டியது. ஒரு வீட்டில் இருப்பவர்களின் சராசரியோ 1970இல் 3.1 பேராக இருந்து இரண்டரையாகக் குறைந்துவிட்டது. ஆள் குறைய அறை கூடியிருக்கிறது. யாரும் படுக்காத அறைக்கும் ஜனவரியில் ஹீட்டர் ஓடுகிறது.

தூரம் இன்னும் கொடுமை. எங்கள் வீட்டிலிருந்து பால் வாங்கக் காரை எடுக்க வேண்டும். நடைபாதையே இல்லாத தெருவில் நடந்து போனால், கார் கெட்டுவிட்டதா என்று நிறுத்திக் கேட்கிறார்கள். வேலைக்குப் போகிறவர் இருவர் என்றால் கார் இரண்டு. புதுக் கார் ஒன்றை வைத்துக்கொள்ள எரிபொருள், காப்பீடு, தேய்மானம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 12,000 டாலருக்கு மேல் என்று 2023இல் அமெரிக்க வாகன ஓட்டுநர் சங்கமான ஏஏஏ கணக்கிட்டது. இதை யாரும் வீட்டின் விலையில் சேர்ப்பதில்லை. எனக்கு இது வீட்டுச் செலவேதான். 2014இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் ஜோன்ஸும் டேனியல் காமனும் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்கக் குடும்பங்களின் கரிம உமிழ்வில் பாதி புறநகரிலிருந்து வருகிறது. நெருங்கி வாழும் நகரங்கள் மிச்சம் பிடிப்பதைச் சுற்றியுள்ள புறநகர்கள் தின்றுவிடுகின்றன.

கணக்கு போடப் போட எனக்குத் தெளிவானது ஒன்றுதான். பணத்துக்கு ஒரு கணக்கு, பூமிக்கு ஒரு கணக்கு என்று இரண்டு தனி ஏடு இல்லை. காலி அறையின் எரிவாயு, இரண்டாவது கார், வெட்டி வெட்டித் தண்ணீர் ஊற்றும் புல்வெளி என்று எங்கள் பணம் எங்கே ஒழுகுகிறதோ அங்கேதான் பூமிக்கும் சேதம். புல்வெளியைச் சொல்லாமல் விடக் கூடாது. அமெரிக்காவில் நீர் பாய்ச்சும் பரப்பில் மக்காச்சோளத்தைவிடப் புல்லே அதிகம். யார் பசியையும் ஆற்றாத பயிர் அது.

வீட்டை விற்கப் போவதில்லை. இருக்கும் வீட்டை இடித்தால் அந்தக் கரிமமும் வீண். அட்டிக்கில் பழைய செய்தித்தாளை அரைத்துச் செய்த காப்பு நாரை நிரப்பினோம், வடக்குப் பக்க அறை இரண்டைக் குளிர்காலத்தில் மூடி வைக்கிறோம். பெரிய வீடு பார்க்கச் சொல்லும் நண்பர்களிடம் கறாராக மறுத்துவிடுகிறோம். ஆனால் ஒரு குடும்பம் அறையை மூடுவதால் ஊரின் வரைபடம் மாறாது. இங்கே குடியிருப்பு நிலத்தின் பெரும்பகுதியில் தனி வீடு தவிர வேறு எதையும் கட்ட ஊர்ச் சட்டமே விடாது. 1975இல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் மவுண்ட் லாரல் வழக்கில், வசதி குறைந்தவர்களுக்கும் இடம் தர வேண்டிய பொறுப்பு வளர்ந்துவரும் ஊர்களுக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. அரை நூற்றாண்டாக அதைத் தட்டிக்கழிக்க ஊர்கள் வழக்காடிக்கொண்டிருக்கின்றன.

எங்கள் ஊரில் ரயில் நிலையத்துக்கு அருகே மூன்று மாடிக் குடியிருப்பு கட்ட அனுமதி கேட்டிருக்கிறார்கள். மரச் சட்டத்தில்தான் கட்டப் போகிறார்கள். கீழே கடைகள், வேலைக்குப் போக ரயில். திட்டக்குழுக் கூட்டத்தில் எதிர்த்துப் பேசியவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். கூட்டம் பெருகும், பள்ளி நெரியும், வீட்டு விலை இறங்கும் என்றார்கள். எனக்குக் கொடுத்த மூன்று நிமிடத்தில் கூரையையும் காரையும் சொன்னேன், என் மகள் படிப்பு முடித்து வந்தால் இந்த ஊரில் அவளால் எங்கே வாழ முடியும் என்று கேட்டேன். கைதட்டியவர்கள் சிலர்தான். முடிவைத் தள்ளிவைத்திருக்கிறார்கள். விருந்துகளில் இனி இதைத்தான் பேசப்போகிறேன், அடுத்த கூட்டத்துக்கு இரண்டு குடும்பங்களையாவது கூட்டிக்கொண்டு போக வேண்டும்.