கடாரம் என் ஊர் என்றால்

கொடி பிடித்தவர் பின்னால் வரிசையாக நடக்கும் சுற்றுலா எனக்கு ஒத்துவராது. அதனால்தான் பத்துப் பேர் மட்டும் ஒரு வேனில் போகும் தொல்லியல் பயணத்துக்குப் பெயர் கொடுத்தேன். இரண்டு நாள், பூஜாங் பள்ளத்தாக்கு. கல்லுக்குப் பக்கத்தில் நின்று பார்க்கலாம், கேள்வி கேட்கலாம், சொந்தப் புத்தியோடு திரும்பலாம் என்று நினைத்தேன். நான் சுங்கை பட்டாணியில் பிறந்தவன். பள்ளிக்கூடப் பயணத்தில் ஒரே ஒருமுறை அங்கே போனதோடு சரி.

முதல் நாள் புக்கிட் பத்து பாஹாட் சண்டியைப் பார்த்தோம். மலாயில் பழங்கோயிலைச் சண்டி என்பார்கள். 1959-60இல் அலெஸ்டர் லேம்ப் மீட்டுக் கட்டிய கருங்கல் அடித்தளம் அது. மரக்கூரை மக்கிப்போய், தூண் நின்ற கற்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. எங்களோடு வந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் என் காதோரம் சொன்னார்:

"தம்பி, இது நம்ம ராஜேந்திரன் கட்டுனது. இவங்க வெளிய சொல்ல மாட்டாங்க."

எனக்குப் புல்லரித்தது. உடனே வழிகாட்டியிடம் கேட்டேன். தொல்லியல் படித்த மலாய் இளைஞர். கட்டியவர் பெயரைச் சொல்லும் கல்வெட்டு எதுவும் இங்கே கிடைக்கவில்லை என்றார். மறைக்கிறார் என்றுதான் முதலில் தோன்றியது.

அன்றிரவு அது உறுத்தியது. ஆசிரியரிடம் நான் ஆதாரம் கேட்கவில்லை. இளைஞரிடம் மட்டும் சந்தேகப்பட்டேன். காரணம் ஒன்றுதான்: ஒருவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது, மற்றவர் சொன்னது பிடிக்கவில்லை. கூட்டத்தோடு போகாதவன் என்று பெருமைப்பட்டவன், என் சொந்தக் கூட்டத்தின் கொடிக்குப் பின்னால்தான் நடந்திருக்கிறேன்.

ஆசிரியர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்பது எனக்குத் தெரியும். "வந்தேறி" என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஆயிரம் வருடக் கல் ஒரு பிறப்புச் சான்றிதழ் மாதிரி. ஆனால் அந்தச் சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறது? 1025இல் ராஜேந்திரனின் கப்பற்படை வந்தது. கடாரத்து அரசனைப் பிடித்து, அவன் சேர்த்துவைத்த செல்வத்தை எடுத்துப் போனதாக அவன் மெய்க்கீர்த்தியே பெருமையாகச் சொல்கிறது. அதற்கு ஏறக்குறைய இருபது வருடம் முன்னால்தான் இதே கடாரத்து அரச குடும்பம் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரை எழுப்பியது. ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தான்.

கடாரம் என் ஊர் என்றால், கொள்ளை போனதும் என் ஊர்தானே? "கடாரம் கொண்டான்" என்று நான் மார்தட்டும்போது, கரையில் நின்றவர்களின் பக்கம் யார் நிற்பது? வந்து வென்றவனின் வாரிசு என்று சொல்லிக்கொண்டே, இந்த மண்ணின் பிள்ளை என்றும் உரிமை கோருகிறோம். இரண்டும் ஒரே வாயில் பொருந்தவில்லை.

2013இல் இங்கே ஒரு சண்டி வீடமைப்புக்காக இடிக்கப்பட்டது தெரிந்தபோது கொதித்தோம். நியாயமான கோபம். ஆனால் "நம்முடையதை இடித்துவிட்டார்கள்" என்று நாமே சொன்னால், மற்றவர்கள் அதற்காக ஏன் வருந்த வேண்டும்? இந்த நாட்டில் இருக்க எனக்கு உரிமை உண்டு. அதற்குச் சோழனின் சாட்சி தேவையில்லை. தேவை என்று நானே ஒப்புக்கொண்டால், என்னை வந்தேறி என்பவனின் கணக்கை ஏற்றுக்கொண்டவனாகிறேன்.

மறுநாள் சுங்கை பத்து. அரசனும் கோயிலும் இல்லாத பேச்சு அங்கே. இரும்பு உருக்கிய உலைகள், கசடு, உலைக்குள் காற்றை ஊதிய களிமண் குழாய்கள். குழாய் ஒன்றைக் குனிந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்த ஆசிரியர் கேட்டார்:

"இவங்க என்ன பாஷை பேசிருப்பாங்க?"

இளைஞர் சிரித்துக்கொண்டே தெரியாது என்றார். இந்த முறை எனக்கு அவர்மேல் சந்தேகம் வரவில்லை.

திரும்பும்போது வேனில் ஆசிரியர் என் பக்கம் திரும்பினார். "ஒங்க தாத்தா எந்த எஸ்டேட்டு?" சொன்னேன். அவருக்கு அந்த இடம் தெரிந்திருந்தது. "அங்க இப்ப ஒன்னுமே இல்ல தம்பி, எல்லாம் வீடாயிருச்சு" என்றார். என் தாத்தா வெட்டிய மரத்தின் இடத்தைக் காட்ட ஒரு கல்கூட இல்லை. அதைத் தேடி நான் ஒருநாளும் போனதில்லை.